நானூறு களமா, ஒரே களமா? தெருக் கூடைப்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பக்கத்துக்கு மூன்று பேர், ஒரே கூடை, அரைக் களம். ஆட்டம் இவ்வளவுதான். இதை நகர நடுவில் திறந்தவெளியில் பெரிதாக நடத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

முதல் வழி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் நகரத்தில் நடக்கும் ஹூப்ஃபெஸ்ட். 1990இல் தொடங்கியது. ஜூன் கடைசி வார இறுதியில், சனி ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும். உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் 6,000க்கும் மேற்பட்ட அணிகள் வந்தன. 400க்கும் மேற்பட்ட களங்கள் நகர மையத்தின் தெருக்களை அடைத்துக்கொண்டன. பள்ளிப் பிள்ளைகளும் ஆடுவார்கள், கல்லூரி அணியில் ஆடி முடித்தவர்களும் ஆடுவார்கள்.

இரண்டாவது வழி, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2012 முதல் நடத்திவரும் 3×3 உலகச் சுற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஏரிக்கரைச் சதுக்கம் போல நகரத்தின் முகப்பான இடத்தில் ஒரே ஒரு களம் போட்டு, சுற்றிலும் தற்காலிக இருக்கை வரிசைகளை எழுப்புவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கான்கார்ட் சதுக்கத்தில் இருந்ததும் இதே அமைப்புதான். இவை இரண்டுக்கும் மூத்தது 1974இல் மிச்சிகனின் லோவெல் என்ற சிற்றூரில் பிறந்து ஊர் ஊராகப் போகும் கஸ் மேக்கர் போட்டி. பார்வையாளர் கண்ணுக்கு அது ஸ்போக்கேனின் சிறிய பதிப்பு, அதனால் தனியாகப் பேச வேண்டியதில்லை.

கண்ணுக்குக் கிடைப்பது

ஆட்டத்தின் தரம் மட்டும்தான் கேள்வி என்றால் ஃபீபா பக்கம் சாய வேண்டியதுதான். பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அவர்கள். 6.75 மீட்டர் வளைவுக்கு உள்ளிருந்து போட்டால் ஒன்று, வெளியிலிருந்து போட்டால் இரண்டு. 12 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். பந்தும் வேறு: சுற்றளவு ஆறாம் எண் (பெண்கள் பந்து) அளவு, எடை மட்டும் ஏழாம் எண் (ஆண்கள்) பந்தினுடையது. கைக்கு அடங்கும், காற்றில் அலையாது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறும் இடம், கூடை விழுந்த அடுத்த நொடி. புள்ளியை விட்ட அணியில் ஒருவர் வலையிலிருந்து விழும் பந்தை அங்கேயே பிடிக்கிறார். கூடைக்கு அடியில் உள்ள சிறு அரைவட்டத்துக்குள் அவரிடமிருந்து பந்தைப் பறிக்க எதிரணிக்கு அனுமதி இல்லை. அவர் அதைத் தட்டிக்கொண்டோ வீசியோ வளைவுக்கு வெளியே கொண்டுபோனதும் அடுத்த தாக்குதல் ஓடத் தொடங்கிவிடும். விசில் இல்லை, இடைவெளி இல்லை. கைதட்டிவிட்டுப் பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை பேசித் திரும்பினால் அடுத்த கூடை போயிருக்கும். ஆட்டம் சமன் ஆனால் கூடுதல் நேரத்துக்குக் கடிகாரமே கிடையாது, முதலில் இரண்டு புள்ளி எடுப்பவர் வென்றார். பாரிஸில் ஆண்கள் தங்கம் அப்படித்தான் முடிவானது: வளைவுக்கு வெளியிலிருந்து வொர்தி டி யோங் போட்ட ஒரே எறியில் நெதர்லாந்து 18-17 என்று பிரான்ஸை வீழ்த்தியது.

ஸ்போக்கேனின் ஓரக் களங்களில் இந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே கிடைப்பது நெருக்கம். ஆட்டக்காரரின் மூச்சிரைப்பு கேட்கும். தடுப்பாட்டத்தில் யார் யாரிடம் என்ன கத்துகிறார் என்பது தெளிவாகக் காதில் விழும். ஆட்டம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது உயரமான இருக்கையை விடப் பயன் தரும். வயது, உயரம், அனுபவம் பார்த்து அணிகளைப் பிரிப்பதால் ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தரமான ஆட்டம் வேண்டுமென்றால் மைய அரங்கத்தில் மிகத் திறமையான அணிகளின் பிரிவு ஆடுகிறது, அங்கே போய் நிற்கலாம். ஆனால் மைய அரங்கத்திலேயே இரண்டு நாளும் உட்காருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பதே இந்த அலசலின் கட்சி.

நேரம் தவறுவது எங்கே

ஃபீபா நிகழ்ச்சியில் எல்லாம் பெரும்பாலும் அட்டவணைப்படி நடக்கும். முதல் நாள் குழு ஆட்டங்கள், இரண்டாம் நாள் காலிறுதி முதல் இறுதி வரை. நடுநடுவே எறிதல் போட்டியோ, எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் போட்டியோ வரும். இருக்கையை விட்டு எழ அதுதான் நேரம்.

ஸ்போக்கேனில் ஒரு களத்தில் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் தாமதம் என்றால், ஏழாவது ஆட்டம் தொடங்கும்போது அரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். பக்கத்துக் களம் சரியான நேரத்தில் ஓடும். தெரிந்தவர்களின் அணிகள் இரண்டு களங்களில் ஆடுகின்றன என்றால், இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றைக் கைவிடுவது நல்லது. அணிக்குக் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி என்பதால் அடுத்த வாய்ப்பு வரும். கூட்டத்தில் செல்போன் இணைப்பு இழுக்கும். தெருப் பெயர், களத்தின் எண், ஆட்ட நேரம் மூன்றும் தெரியும்படி அட்டவணையை முந்தின இரவே படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தரையும் வெயிலும்

ஃபீபா களம் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். சமன்படுத்திய தளத்தின்மேல் பிளாஸ்டிக் ஓடுகளைக் கோத்து விரிப்பார்கள். பார்க்கிறவருக்குத் தரையைப் பற்றிக் கவலை இல்லை, மழை பெய்து நிறுத்தினால் தவிர.

தார்ச்சாலை அப்படியல்ல. மழைநீர் வடிய சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். மீட்டருக்கு ஏறக்குறைய 2 செ.மீ. சரிவு வழக்கம். கூடையை நடு உயரத்தில் நிறுத்தினால், ஐந்து மீட்டர் தள்ளி ஓரத்திலிருந்து எறிபவரின் கால் 10 செ.மீ. பள்ளத்தில் இருக்கும். அவருக்குக் கூடை 3.05 மீட்டரில் இல்லை, 3.15இல் இருக்கிறது. ஓரத்திலிருந்து வரும் எறிகள் வளையத்தின் முன்விளிம்பில் தட்டித் திரும்புவதைக் கவனித்தால் காரணம் புரியும். நழுவிய பந்து எப்போதும் ஓரக் கால்வாயை நோக்கியே ஓடும். அங்கே குழந்தையை உட்கார வைக்காதீர்கள். கூடைக்குப் பின்னால் நிற்பதும் வேண்டாம், எறிய ஓடி வருபவர் நிற்க இடமில்லாமல் உங்கள்மேல் வந்து விழுவார். வளைவின் பக்கவாட்டில் ஓரடி தள்ளி நிற்பதே சரியான இடம்.

நிழலுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஸ்போக்கேனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12:50க்கு. ஜூன் இறுதியில் 10 மீட்டர் உயரக் கட்டடம் அப்போது வடக்கே நாலரை மீட்டர் நிழல் தரும். நடைபாதை அதற்குள் அடங்கும், களம் அடங்காது. அவென்யூ என்று பெயர் முடிகிற சாலைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அவற்றில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை தெற்கு நடைபாதையில் நில்லுங்கள். வடக்கு தெற்காக ஓடும் தெருக்களில் முற்பகல் கிழக்கு நடைபாதை, பிற்பகல் மேற்கு. வெப்பம் உச்சத்தை எட்டுவது மாலை நான்கு, ஐந்து மணி வாக்கில். அந்நேரத்துக்குத் தாரும் நாள் முழுக்க வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். 2021 ஜூன் 29இல் இந்த ஊரில் 42.8 டிகிரி செல்சியஸ் பதிவானது, நகரத்தின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். ஆண்டுதோறும் அப்படி இல்லை என்றாலும், ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, காலி பாட்டிலும் எடுத்துப் போவது நல்லது. ரப்பர் செருப்பு வேண்டாம்.

ஒரே களம் உள்ள அரங்கத்தில் வெயில் சிக்கல் வேறு மாதிரி. எழுந்து நகர முடியாது. மேற்கே பார்த்த இருக்கை வரிசை பிற்பகல் முழுக்கக் கண்ணில் வெயில் வாங்கும். முதுகு மேற்கே இருக்கும் வரிசையைத் தேடுங்கள்.

போய்ச் சேருவது

ஸ்போக்கேனில் தெருவோரம் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் மையத்துச் சாலைகள் மூடப்படும், அறைகள் பல மாதம் முன்பே நிரம்பும். காரில் வருகிறவர்கள் ஆற்றுக்கு வடக்கே நிறுத்திவிட்டு, ரிவர்ஃப்ரன்ட் பூங்காவின் நடைபாலங்கள் வழியாக நடந்து வருவது எளிது. உலகச் சுற்று நடக்கும் ஐரோப்பியச் சதுக்கங்களுக்குக் காரே தேவைப்படாது.

யாருக்கு எது

சர்வதேச ஆட்டக்காரர்களைப் பார்க்க வேண்டும், ஓரிரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது, முதியவர்கள் உடன் வருகிறார்கள்: ஃபீபா, அதுவும் இரண்டாம் நாள். முழு வார இறுதியும் இருக்கிறது, நடக்கத் தயார், பிள்ளைகள் ஆடுகிறார்கள் அல்லது ஆட விரும்புகிறார்கள்: ஸ்போக்கேன். யாரையும் தெரியாமல் தனியாகப் போகிறவருக்கும் ஸ்போக்கேனே மேல், ஒரு நிபந்தனையோடு. காலையிலேயே ஏதாவது ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு அதன் மூன்று ஆட்டங்களையும் பின்தொடருங்கள். களம் களமாக ஐந்தைந்து நிமிடம் நின்று போகிறவருக்கு மதியத்துக்குள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

ஸ்போக்கேனில் ஒரு நாள்தான் என்றால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே அங்கே இருங்கள். எல்லா அணிகளும் ஆட்டத்தில் இருப்பது அன்றுதான். இறுதி ஆட்டங்களுக்காக ஞாயிறு போகிறவர்கள் ஓரக் களங்களை மதியத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். தோற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும், பிற்பகலில் மைய அரங்கத்தைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும்.