ஒரே கதவு, இரண்டு சாவி: எலும்புத் தசையும் இதயத் தசையும்

இரண்டிலும் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து, தசையைச் சுருங்கவைக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவு ரயனோடின் ஏற்பிதான். நான்கு துண்டுகள் சேர்ந்த ராட்சதப் புரதம். துண்டுக்குச் சுமார் 5,000 அமினோ அமிலங்கள்.

எலும்புத் தசையில் இந்த ஏற்பியின் முதல் வகை. சவ்வின் மின்னழுத்தம் மாறியதும் அங்குள்ள உணரிப் புரதம் அசைந்து, எதிரிலுள்ள கதவை நேரடியாகத் திறக்கிறது. இதயத்தில் இரண்டாம் வகை: வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைந்து ஒட்டினால்தான் திறக்கும். கால்சியமே இல்லாத கரைசலில் போட்டுப் பாருங்கள்: எலும்புத் தசை சிறிது நேரம் சுருங்கும், இதயத் தசை சட்டென ஓய்ந்துவிடும்.

கோளாறும் வேறுதான். முதல் வகையில் மரபுப் பிழை இருந்தால் ஹாலோத்தேன் போன்ற மயக்க வாயு பட்டதும் கால்சியம் கட்டுக்கடங்காமல் கொட்டும். தசை விறைக்கும், உடல் கொதிக்கும். வாயுவை உடனே நிறுத்தி, டான்ட்ரோலீன் என்ற மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி. சிரைவழி தர வேண்டும். இரண்டாம் வகைக் கசிவு இன்னும் நயவஞ்சகமானது: ஓய்வில் ஈசிஜி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், ஓடும்போதுதான் துடிப்பு தடம்புரளும்.