முதுகில் சேணம், வாயில் கடிவாளம்: குதிரைக்கு எது இதம்?

தலையை உதறுகிற, லகானை இழுத்துப் பறிக்கிற குதிரைக்குப் பெரும்பாலோர் முதலில் செய்வது கடிவாளத்தை மாற்றுவதுதான். பழையது போதவில்லையென்று இன்னும் கடுமையான ஒன்றைப் பூட்டுகிறார்கள். ஆனால் வாயில் தெரிகிற எதிர்ப்பு பல வேளைகளில் முதுகில் தொடங்குகிறது. முதுகு வலிக்கும் குதிரை, வலியிலிருந்து விலக முதுகைக் குழித்துத் தலையை மேலே தூக்குகிறது. தலை மேலேறியதும் லகானின் இழுவை வாயில் வேறு கோணத்தில் விழுகிறது. சவாரி செய்பவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். ஆகவே இந்த அலசலைச் சேணத்திலிருந்து தொடங்குகிறேன்.

சேணங்களில் முதன்மையான போட்டி, உள்ளே மரத்தாலோ செயற்கை இழையாலோ ஆன உறுதியான சட்டம் கொண்ட சேணத்துக்கும் சட்டமே இல்லாத மெத்தென்ற சேணத்துக்கும் இடையிலானது. சட்டத்தின் வேலை இரண்டு: முதுகெலும்பின் மேல் எதுவும் படாதபடி நடுவே ஓர் இடைவெளியைக் காப்பது, சவாரியாளரின் எடையை முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட தசைகளின் மேல் பரவலாக இறக்குவது. இந்தப் பரவல் எவ்வளவு தேவை என்பது ஓட்டத்தின் வேகத்தில் தெரியும். குதிரை நடக்கும்போது முதுகில் விழும் விசை ஏறத்தாழச் சவாரியாளரின் எடைக்கு ஈடாக இருக்கும். டிராட் எனப்படும் துள்ளுநடையில் அது இருமடங்கைத் தாண்டும். எழுபது கிலோ மனிதர் ஒவ்வொரு துள்ளலிலும் நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் அழுத்துகிறார் என்றால், அந்த அழுத்தம் உள்ளங்கையளவு இடத்தில் விழுகிறதா, இரண்டு அகலமான பட்டைகளில் விழுகிறதா என்பதே குதிரைக்கு எல்லாமும்.

சட்டமில்லாச் சேணம் மென்மையானது, குதிரையின் உடலோடு வளைந்து கொடுப்பது என்ற எண்ணம் பலரை ஈர்க்கிறது. தோள்கள் அகன்று, முதுகு தட்டையாக இருக்கும் குதிரைக்கும், எடை குறைந்த, சமநிலை தவறாத சவாரியாளருக்கும், குறைந்த நேரச் சவாரிக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் சேணத்துக்கடியில் அழுத்த உணரிகளை வைத்து அளந்த ஆய்வுகளில், சட்டமில்லாச் சேணங்களில் எடை இருக்கைக்கு நேர்கீழே குவிவது காணப்பட்டிருக்கிறது. பாதம் ஊன்றும் வளையங்களான அங்கவடிகள் சட்டத்தில் அல்லாமல் ஒரு பட்டையில் மட்டும் தொங்கும் வகைகளில், சவாரியாளர் அங்கவடியில் எழுந்து நிற்கும்போது அந்தப் பட்டை முதுகின் குறுக்கே அழுத்துகிறது. தொட்டுப் பார்க்கும் கைக்கு மென்மையாக இருப்பது, எடை ஏறிய பின் முதுகுக்கும் மென்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நீண்ட தூரச் சவாரிக்கும் எடை கூடியவர்களுக்கும் நன்கு பொருந்திய சட்டச் சேணமே மேல் என்பது என் தெளிவான முடிவு.

‘நன்கு பொருந்திய’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால் எலும்புகள் தசைகளால் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கால் முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர்கிறது. சேணத்தை அந்த எலும்பின் மேலேயே ஏற்றி வைத்தால் ஒவ்வோர் அடியிலும் எலும்பு சட்டத்தில் இடிக்கும். குதிரை அடியைக் குறுக்கிக்கொள்ளும். பின்புறத்திலும் எல்லை உண்டு: குதிரைக்குப் பொதுவாக 18 இணை விலா எலும்புகள் உள்ளன, கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் நீளக் கூடாது. சட்டம் மிகக் குறுகலாக இருந்தால், கழுத்து முதுகோடு சேரும் இடத்து மேடான தோள்மேட்டின் இருபக்கமும் கிள்ளும். மிக அகலமாக இருந்தால் முன்புறம் தாழ்ந்து தோள்மேட்டின் மேலேயே உட்காரும். முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பாலம்போல் நிற்கும் சேணமும் உண்டு. அதில் நான்கு முனைகளில் எடை முழுதும் குவியும். இப்படிப் பொருந்தாத சட்டச் சேணத்தைவிடச் சட்டமில்லாதது நல்லது என்று தயங்காமல் சொல்வேன். பொருத்தக் குறையை மறைக்கத் தடித்த விரிப்பை இடுவதும் பயன் தராது; ஏற்கெனவே குறுகலான சட்டம் அதனால் இன்னும் இறுகும்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வியர்வையில் நனைந்த பரப்புக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் மிகுதியாக இருக்கலாம், அல்லது சேணம் தொடவே இல்லாதிருக்கலாம். விரலால் அழுத்திப் பார்த்தால் குதிரையே எது என்று சொல்லிவிடும். தோள்மேட்டருகே தோன்றும் வெள்ளை முடிகள் பழைய காயத்தின் தடம்.

ஆங்கிலச் சேணம், அமெரிக்க மாடுமேய்ப்பர்களின் வெஸ்டர்ன் சேணம் என்ற ஒப்பீட்டில் நான் நீண்ட நேரம் நிற்க மாட்டேன். வெஸ்டர்ன் சேணம் பல கிலோ கூடுதல் எடையுள்ளது, ஆனால் எடையை அகலமான பரப்பில் பரப்புகிறது. ஆங்கிலச் சேணம் இலேசானது, காலின் குறிப்பைக் குதிரை நுட்பமாக உணர விடுகிறது. நாள் முழுதும் சேணத்தில் இருப்பவருக்கு வெஸ்டர்ன், தாண்டுதலுக்கு ஆங்கிலச் சேணம். முதுகு குட்டையான குதிரைக்கு வெஸ்டர்ன் சேணத்தின் நீளமே தொல்லையாகலாம்.

இனிக் கடிவாளம். வாயில் வைக்கும் இரும்பான பிட், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத இடைவெளியில், நாக்கின் மேலும் மெல்லிய தோல் மூடிய தாடை எலும்பின் மேலும் அமர்கிறது. ஸ்னாஃபிள் வகையில் கை இழுக்கும் அளவே வாயில் சேர்கிறது. கர்ப் வகை நெம்புகோல்: பிட்டுக்கு மேலுள்ள தண்டு 5 சென்டிமீட்டர், கீழுள்ளது 10 சென்டிமீட்டர் என்றால், லகானில் ஒரு கிலோ இழுத்தால் தாடைக்கடிச் சங்கிலியும் தலைப்பட்டையும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு கிலோ இழுவையைப் பெறும், வாய்க்குள் அழுத்தம் அதைவிடக் கூடும். தேர்ந்த கைகளில் கர்ப் மிக நுண்ணிய கருவி, ஏனென்றால் சங்கிலி இறுகுவதற்கு முன்பே தண்டின் அசைவை உணர்ந்து குதிரை பதில் தருகிறது. சேணத்தில் இன்னும் தடுமாறி, விழாமலிருக்க லகானையே பற்றிக்கொள்பவர் கையில் அதைக் கொடுப்பது கொடுமை.

இரும்பே இல்லாத கடிவாளங்களுக்கு இன்று ஆதரவு பெருகுகிறது. வாயில் புண், பல் சிக்கல் உள்ள குதிரைக்கும், கற்றுக்கொள்ளும் சவாரியாளரின் கை நடுங்கும் காலத்துக்கும் அவை நல்ல தேர்வு. ஆனால் இரும்பில்லாதது எல்லாமே மென்மை என்பது தவறு. மூக்கின் இருபுறமும் நேராக இழுக்கும் எளிய வகை மென்மையானது. நெம்புகோல் தண்டுகள் கொண்ட ஹேக்கமோர், மூக்கெலும்பின் மேலும் காதுகளுக்குப் பின்னும் கர்ப்பைப் போலவே விசையைப் பெருக்குகிறது. பட்டை சற்றுக் கீழிறங்கினாலும் மூக்கெலும்பின் மெல்லிய முனையை அழுத்தி மூச்சையும் தடுக்கும். மென்மையான ஸ்னாஃபிளும் நேர்இழுவை மூக்குப்பட்டையும் என் கணக்கில் ஏறத்தாழச் சமம். அவற்றுக்கிடையே குதிரையையே தேர்ந்தெடுக்க விடலாம்.

பிட்டைப் பற்றி இவ்வளவு வாதிடுபவர்கள் பிட்டோடு சேர்த்து மூக்கைச் சுற்றிக் கட்டும் பட்டையின் இறுக்கத்தைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. வாயைத் திறக்க முடியாதபடி கட்டப்பட்ட குதிரை, வலியிருந்தும் அதைக் காட்ட வழியற்றுப்போகிறது. மூக்கெலும்பின் மேல், பட்டைக்கடியில் இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும் என்பது பழைய விதி. கன்னப் பக்கத்தில் நுழைத்துப் பார்ப்பதால் பயனில்லை, அங்கே எப்போதும் இடமிருக்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் 2025 முதல் போட்டிகளில் இதற்கென்று ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறது.

குதிரையின் முதுகு ஒரே வடிவில் நிற்பதில்லை. பயிற்சி கூடினால் தசை ஏறும், ஓய்வில் கரையும், தீவனம் மாறினால் மாறும். கம்பளி நிரப்பிய சேணத்தைப் பிரித்து நிரப்பைச் சரிசெய்யலாம், சில சட்டங்களின் முன்வளைவையே மாற்றலாம். நுரை நிரப்பியதில் அந்த வசதி குறைவு. வாங்கும்போது விலைக்கு அடுத்தபடியாக நான் கேட்பது இதைத்தான், ஏனென்றால் இன்று பொருந்துகிற சேணம் ஆறு மாதத்தில் அதே குதிரையைக் கிள்ளக்கூடும்.