உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ்: ஸ்னாப்பா, டெப்பா?

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில்தான் வருகிறது. மென்பொருள் நிறுவும் ஆப்ட் (apt) கட்டளையில் நிறுவினாலும் ஸ்னாப்தான் வந்து இறங்கும். உபுண்டுவின் வழக்கமான டெப் (.deb) தொகுப்பே வேண்டும் என்பவர்களுக்கு, ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்த ஆப்ட் களஞ்சியம் (ஆப்ட் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் இடம்) இருக்கிறது.

ஸ்னாப்பில் அப்டேட் பற்றிக் கவலை இல்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று ஒரு நாளில் நான்கு முறை அதுவே பார்த்துக்கொள்ளும். பிரவுசர் திறந்திருந்தால், மூடச் சொல்லி அறிவிப்பு வரும், அவ்வளவுதான். வீட்டில் அப்பா அம்மா பயன்படுத்தும் கணினிக்கு இதையே விட்டுவிடுங்கள். பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டை அடைபடாமல் கிடப்பதுதான் உண்மையான ஆபத்து.

டெப்பில் எப்போது அப்டேட் செய்வது என்பது உங்கள் கையில். பழைய கணினிகளில் ஸ்னாப்பைவிடச் சட்டென்று திறக்கும், எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டில் மொசில்லா களஞ்சியம் இயல்பாகச் சேராது. ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் ஆகிய இரண்டு கட்டளைகளையும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். பிரவுசர் ஓடும்போதே அப்டேட் செய்தால், புதிய டேப் திறக்கும்போது சில பதிப்புகளில் பிரவுசரை மறுதொடக்கம் செய்யச் சொல்லி நிற்கலாம்.

ஸ்னாப்பிலிருந்து டெப்புக்கு மாறுவதென்றால் மொசில்லா களஞ்சியத்துக்கு முன்னுரிமை 1000 என்று ஆப்ட் அமைப்பில் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் உபுண்டு மறுபடி ஸ்னாப்பைக் கொண்டுவந்துவிடும். அப்புறம் புக்மார்க், கடவுச்சொற்கள். இவற்றைச் சேமித்து வைக்கும் புரொஃபைல், ஸ்னாப்பில் உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள ஸ்னாப் கோப்புறைக்குள் இருக்கிறது, டெப் அங்கே தேடாது. ஸ்னாப்பை நீக்கும் முன்பே அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.