பாப்பாவுக்கு வெயிட் ஏறல: ஃபார்முலா டாப்-அப்பா, பிழிஞ்சு கொடுக்குற தாய்ப்பாலா?

பாப்பா பொறந்தப்ப 2.9 கிலோ, நாலாம் நாள் 2.67. முதல் வாரம் 7லேர்ந்து 10 சதவீதம் வரை குறையறது சகஜம்தான், ஆனா ரெண்டு வாரத்துல பொறந்த வெயிட்டைத் திரும்பப் பிடிச்சிரணும். எங்களுக்கு 14-ஆம் நாள் 2.78. நாங்க இருக்குற சவுத் ஆப்பிரிக்கா டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்ல, வீட்டுப் பக்கத்து கிளினிக்ல சிஸ்டர் ரோட் டு ஹெல்த் புக்ல (புள்ளையோட வெயிட்டு, தடுப்பூசி எல்லாம் குறிக்கிற புக்) புள்ளி வெச்சதும் எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு.

மாமியார், பால் பத்தல, டின் பால் (ஃபார்முலா பவுடர்) வாங்கிரலாம்மான்னாங்க. திருநெல்வேலிலேர்ந்து அம்மா வீடியோ கால்ல, பிழிஞ்சு பாலாடைல ஊத்து, பூண்டும் சுறாப்புட்டும் சாப்பிடுன்னாங்க. ரெண்டு பேருமே புள்ள மேல உள்ள அக்கறைலதான் சொன்னாங்க.

ஃபார்முலால நல்லது என்னன்னா எத்தனை எம்எல் உள்ள போச்சுன்னு கண்ணுல தெரியும், ராத்திரி வேற யாராவது கொடுக்கலாம், அம்மா தூங்கலாம். செலவு, பாட்டில் கழுவுறது எல்லாம் தெரிஞ்சதுதான். தண்ணி மட்டும் யோசிங்க, பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணில கலக்கணும், லோட் ஷெடிங், அதாவது கரண்ட் கட் நேரத்துல கெட்டில் ஓடாது, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் டர்பனுக்கு வடக்க டோங்காட் பக்கம் மாசக்கணக்குல குழாய்ல தண்ணியே வரல.

ஆனா நான் பிழியற பக்கம் சாஞ்சதுக்குக் காரணம் வேற. இறைக்கிற கிணறுதான் ஊறும். மார்புல பால் தேங்கி நின்னா உடம்பு சுரக்குறதைக் குறைச்சிரும், காலியாக காலியாத்தான் ஊறும். ஃபார்முலா குடிச்ச புள்ள வயிறு நிறைஞ்சு மூணு நாலு மணி நேரம் தூங்கிரும், அந்த ஒரு வேளை மார்பு காலியாகாது, மறுநாள் பால் இன்னும் கம்மி, அப்புறம் டின் பால் இன்னும் கொஞ்சம் கூட. என் நாத்தனாருக்கு இப்படித்தான் ஆச்சு, ஒரே வாரத்துல புள்ளைக்கு வெயிட் ஏறுச்சு, ஆனா ரெண்டாம் மாசம் தாய்ப்பாலே நின்னுருச்சு. எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு சொல்ல மாட்டேன், பாத்தது ஒரு வீட்டுலதான்.

அதுக்கும் முன்னாடி சிஸ்டர் பக்கத்துல உக்காந்து நான் பால் கொடுக்குறதைப் பாத்தாங்க. பாப்பா காம்பு நுனியை மட்டும் கவ்விக்கிட்டு சப்பிட்டே தூங்குறா, முழுங்குற சத்தமே கேக்கல. தாடை மார்புல ஒட்டுற மாதிரி, கருவட்டமும் வாய்க்குள்ள போற மாதிரி வெச்சுக் காட்டினாங்க, உடனே க்ளக் க்ளக்னு முழுங்குற சத்தம் வந்துச்சு! ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுப்பிப் பால், முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஹேண்ட் பம்ப் (கரண்ட் பம்ப் வேணாம்னுதான்), வர்ற 20, 30 எம்எல்லைப் பாலாடைல சாச்சு சாச்சு ஊத்துவேன். முதல் நாள் அடியில ஒரு ஸ்பூன் பால்தான் நின்னுச்சு, ராத்திரி மூணு மணிக்கு அதைப் பாத்துட்டு விட்டுரலாமான்னு தோணுச்சு. அஞ்சாறு நாள்ல 40 எம்எல் வந்துச்சு. சேந்தாப்புல ரெண்டு மணி நேரம்கூட தூக்கம் கிடைக்காது, வீட்டுல சமையலை வேற யாராவது பாத்துக்கலேன்னா இது நடக்காது.

21-ஆம் நாள் 2.90. 28-ஆம் நாள் 3.09, அதாவது அந்த வாரம் ஒரு நாளைக்கு 27 கிராம், இந்த வயசுக்கு 20லேர்ந்து 30 கிராம் ஏறினா போதும். நடுவுல வீட்டுல எடை போட்டுப் பாக்கவே இல்ல, ஈர நாப்பியைத்தான் எண்ணினேன், ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல இருந்துச்சு.

என் புள்ள நிறைமாசப் புள்ள, மஞ்சக்காமாலை இல்ல. குறைமாசம், ட்வின்ஸ்னா என் அனுபவம் உதவாது. புள்ள எழுப்பியும் எழுந்திரிக்கல, யூரின் குறையுது, வெயிட் 10 சதவீதத்துக்கு மேல இறங்கிருச்சுன்னா அன்னிக்கே டாக்டர்ட்ட போங்க, அவங்க ஃபார்முலா கொடுக்கச் சொன்னா யோசிக்காம கொடுங்க, கூடவே பம்ப் பண்றதை மட்டும் விட்டுராதீங்க.