ஒன்பது ஆண்டுகள், 11,000 படங்கள்: நல்ல வடிவமைப்புகளைத் தேடிய அனுபவம்

புத்தக அட்டைகளும் போஸ்டர்களும் வடிவமைப்பது என் தொழில். கண்ணில் பட்ட நல்ல படத்தையெல்லாம் ஒன்பது ஆண்டுகளாகச் சேமித்து வந்தேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 11,000-ஐத் தாண்டியிருந்தது. அதில் வரைந்தவர் பெயர் எனக்குத் தெரிந்தவை நூறுகூடத் தேறவில்லை.

ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்காக, சேமிப்பிலிருந்து ஒரு நாரைப் படத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். சதுரச் சட்டம் முழுக்க நாரை. எப்படி வரைந்தாலும் என் அட்டை மூச்சுமுட்டியது. கடைசியில், படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டு, வரைந்தவரின் சொந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அசல் படம் நீளவாக்கில் இருந்தது. வலது ஓரத்தில் சின்னதாக நாரை, மீதி முக்கால் பங்கும் வெறும் தண்ணீர். அதையும் மூன்றே கோடுகளில் முடித்திருந்தார். படத்தின் உயிரே அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது. நான் பயன்படுத்திவந்த பிரபலமான தளத்தில் யாரோ அதைச் சதுரமாக வெட்டி ஏற்றியிருக்கிறார்கள். கையெழுத்தும் அதோடு போய்விட்டது. நான்கு ஆண்டுகளாக அந்தத் துண்டைத்தான் முழுப்படம் என்று நம்பியிருந்தேன்.

அன்றிலிருந்து, மூலம் தெரியாத படத்தைச் சேமிப்பதில்லை.

இப்போது தினமும் பார்ப்பது பிஹான்ஸ். வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கும் தளம்; 2005-இல் தொடங்கி, 2012-இல் அடோபி நிறுவனத்திடம் போனது. அதில் முடிந்த வேலையைவிட, முதல் கிறுக்கல்களையும் நிராகரித்த வடிவங்களையும் சேர்த்துப் போடுகிறவர்களின் பக்கங்களே எனக்கு வேண்டியவை. ஒரு லோகோ எந்த இடத்தில் திரும்பி இப்படி ஆனது என்பது அங்கேதான் தெரியும். முகப்பில் வருவதை நான் பெரிதாக நம்புவதில்லை. பிடித்த வடிவமைப்பாளர் ஒருவரின் பக்கத்துக்குப் போய், அவர் யார் யார் வேலையைப் பாராட்டியிருக்கிறார் என்று பார்க்கிறேன். அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர். எனக்குக் கிடைத்த நல்ல ஓவியர்களில் பாதிப் பேர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

எழுத்துருவுக்கு 'ஃபான்ட்ஸ் இன் யூஸ்' என்ற தளம் ஒன்றே போதும். ஒரு எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த அட்டையில், போஸ்டரில், பெயர்ப்பலகையில் வேலை செய்திருக்கிறது என்று காட்டும்.

ஆனால் மனம் நிறைவது பழைய ஆவணக் காப்பகங்களில்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், 1936 முதல் 1943 வரை அரசு வேலைத்திட்டத்தின் கீழ் ஓவியர்கள் செய்த போஸ்டர்கள் 900-க்கும் மேல் இருக்கின்றன. உடல்நலம், நாடகம், தேசியப் பூங்கா, விலங்குக் காட்சிசாலை என்று எல்லாவற்றுக்கும் போஸ்டர். பெரிய கோப்பாக இறக்கி, திரையில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிறமாக அச்சிடும் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் இரண்டு நிறங்கள் சேரும் விளிம்பில் முடியளவு காகிதம் தெரியும். தாள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கையால் வெட்டிய எழுத்து என்பதால், ஒரே சொல்லில் இருமுறை வரும் ஓர் எழுத்து இரண்டு விதமாக நிற்கும். நிறங்களோ மூன்று நான்குதான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிழலையும் தூரத்தையும் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று ஒரே போஸ்டரை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெர்மன் வடிவமைப்பாளர் லூசியன் பெர்ன்ஹார்ட் பெர்லினில் செய்த தீக்குச்சி விளம்பரமும் இப்படித் தேடும்போது வந்து சேர்ந்ததுதான். இரண்டு தீக்குச்சிகள், 'பிரீஸ்டர்' என்ற நிறுவனப் பெயர், பின்னால் ஒரே அடர் நிறம். வேறு எதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பழசாகவில்லை. வாடிக்கையாளர் 'இன்னும் ஏதாவது சேர்க்கலாமே' என்னும்போது நான் திறந்து காட்டும் படம் அது.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020-இல் 28 லட்சம் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வணிக வேலைக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறை என்றால் தேடுவதுதான். 'அழகான போஸ்டர்' என்று தேடினால் ஒன்றும் வராது. லித்தோகிராஃப் என்னும் கல்லச்சு, மரச்செதுக்கு, விதைப் பட்டியல், தீப்பெட்டி ஒட்டு என்று, செய்முறையையோ பொருளையோ சொல்லி ஆங்கிலத்தில் தேட வேண்டும். பழக ஒரு மாதம் ஆகும்.

கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு தொல்லை: செயற்கை நுண்ணறிவு தயாரித்த படங்கள் எங்கும் குவிகின்றன. விரல்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று எண்ணிக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. பழைய பாணியைத் தேடும்போது, தேடல் கருவியில் காலவரம்பு வைத்து 2022-க்கு முந்தைய பக்கங்களை மட்டும் கேட்கிறேன். முழுத் தீர்வு இல்லை, ஆனால் குப்பை வெகுவாகக் குறைகிறது. புதியவர்கள் என்றால், அவர்களுடைய பழைய வேலையும் கிறுக்கல்களும் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன்.

அந்த 11,000-இல் இப்போது மிச்சம் 640. ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவர் பெயர், கிடைத்த இடம், எதற்காக எடுத்தேன் என்று ஒரு வரி. நாரைப் படத்தின் முழு வடிவம்தான் அதில் முதலாவது. அதன் கீழே எழுதியிருப்பது: 'தண்ணீருக்கு மூன்று கோடு.'