எக்ஸிம் 4.94: $லோக்கல்_பார்ட் தந்த தலைவலி

பழைய சர்வரில் எக்ஸிம் என்ற மெயில் சர்வர் புரோகிராமை 4.94-க்கு மேலே ஏற்றலாமா என்று நண்பர் கேட்டார். ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கான்ஃபிக் ஃபைலில் $லோக்கல்_பார்ட் (முகவரியில் @-க்கு முன்னால் இருப்பது), $டொமைன் (அதற்குப் பின்னால் இருப்பது) எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள். வருஷக்கணக்கில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த மெயிலெல்லாம், அப்டேட் முடிந்த கையோடு லாக்கில் 'டெயின்டட்' (கறைபட்டது, அதாவது நம்பக் கூடாதது) என்ற வார்த்தையோடு க்யூவில் தேங்கி நிற்கும்.

வெளியாள் அனுப்பிய முகவரியிலிருந்து வரும் மதிப்பை ஃபைல் பெயருக்குள் வைத்து விரிக்க 4.94 விடாது. /வார்/மெயில்/ என்பதற்குப் பக்கத்தில் $லோக்கல்_பார்ட் என்று பழைய கான்ஃபிக்கில் எல்லாரும் எழுதி வைத்திருப்போமே, அந்த வரிதான் மாட்டும். அங்கே $லோக்கல்_பார்ட்_டேட்டா என்று மாற்ற வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ரவுட்டரில் (மெயில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) செக்_லோக்கல்_யூசர் (அந்தப் பெயரில் சர்வரில் பயனர் உண்டா என்று பார்ப்பது) மாதிரி ஏதாவது ஒன்று சரிபார்த்த பிறகுதான் அந்த மாறிக்கு மதிப்பே வரும், இல்லையென்றால் காலி. எனக்கு எரிச்சல் தருவது, மெயில் அனுப்பாமலே முகவரியைச் சோதிக்கும் -பிடி. அது ரவுட்டரோடு நின்றுவிடும், டிரான்ஸ்போர்ட் (மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பகுதி) வரி நிஜ டெலிவரியில்தான் விரியும். எல்லாம் சரி என்று அது சொன்ன முகவரிக்கே மெயில் போகாமல் நிற்கும்.

இந்தக் கண்டிப்பு தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். எக்ஸிமில் 2019-இல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டையில் (4.87 முதல் 4.91 வரை) பெறுநர் முகவரிக்குள்ளேயே ${ரன் என்று எழுதி அனுப்பி, ரூட் உரிமையோடு கட்டளை ஓட்ட முடிந்தது. அதைப் பார்த்த பிறகு கதவைச் சாத்துவது நியாயம்தான். ஆனால் ஒரு வெர்ஷனாவது வெறும் எச்சரிக்கையோடு விட்டிருக்கலாம். பிழையை எச்சரிக்கையாக மாற்றும் ஆப்ஷன் 4.95-இல்தான் சேர்ந்தது, அதையும் வரும்போதே 'இதை நம்பாதீர்கள், பின்னால் எடுத்துவிடுவோம்' என்கிற தோரணையில்தான் கொடுத்தார்கள். இவ்வளவு கறாரான அதே புரோகிராம், ஏசிஎல்_எம்_ என்று தொடங்கும் மாறியின் (மெயிலை ஏற்பதா வேண்டாமா என்ற விதிகளில் நாமே வைப்பது) பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் வாயே திறக்காமல் காலிச் சரத்தை வைத்துவிட்டுப் போகிறது. ஸ்ட்ரிக்ட்_ஏசிஎல்_வார்ஸ் என்ற ஆப்ஷனை நாமே போட்டால்தான் பிழை காட்டும். அதை இன்றைக்கே போடுங்கள்.

அப்புறம், -பிஇ என்ற இன்னொரு சோதனை. எவ்வளவு சிக்கலான கோவையையும் லைவ் மெயிலைத் தொடாமல் விரித்துப் பார்க்கலாம், அடைப்புக்குறி விட்டுப்போனால் அங்கேயே தெரிந்துவிடும். இந்த வசதிக்காகவே எக்ஸிமை விட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நண்பர் புதிதாக ஒரு சர்வர் போடுவதாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொரு மெயில் சர்வர் புரோகிராமையே போடச் சொல்வேன்.