மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய குறுந்தகடு

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் ‘தபுலா ராசா’ குறுந்தகட்டை ஆன்லைனில் வாங்கினேன். தக்கலைக்கு வந்து சேர்ந்தபோது பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டிருந்தது. விற்றவருக்கு எழுதினேன், பதிலே இல்லை. நல்லவேளை, தட்டில் கீறல் எதுவும் இல்லை.

1984இல் இசிஎம் என்ற ஜெர்மன் இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்ட பதிவு இது. மேற்கு நாடுகளில் பலர் பார்ட்டின் பெயரைக் கேள்விப்பட்டதே இதற்குப் பிறகுதான். 1935இல் எஸ்டோனியாவில் பிறந்தவர், வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். 1968இல் ‘இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன்’ என்று லத்தீனில் பாடவைத்து அப்போது எஸ்டோனியாவை ஆண்ட சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார். அப்புறம் பல வருடங்கள் அதிகம் எழுதாமல், கிரகோரியன் என்ற பழைய கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் புது பாணியோடு வந்தார். ஒரு குரல் படிப்படியாக நடக்கும். இன்னொன்று ச, க, ப என்ற மூன்று சுரங்களை விட்டு நகராது. அவ்வளவுதான் சூத்திரம். 1980இல் நாட்டை விட்டே கிளம்பிவிட்டார்.

இந்தத் தட்டில் எனக்குப் பிடித்தது பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் மறைவுக்காக எழுதிய ஐந்து நிமிட அஞ்சலி. நம் கணக்கில் சொன்னால் நடபைரவி ராகத்தின் அவரோகணம், அதாவது இறங்கும் சுர வரிசை மட்டும். முதல் வயலின்கள் ஒரு வேகத்தில் இறங்க, அடுத்த வரிசை அதில் பாதி வேகம், அதற்கடுத்தது அதிலும் பாதி. வயலின் குடும்பத்தின் பெரிய அண்ணனான டபுள் பேஸ் வரும்போது பதினாறில் ஒரு பங்கு. நடுவே ஒற்றை மணி, எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் துக்கமணி அடிப்பதுபோல விட்டுவிட்டு. கடைசியில் வயலின்கள் சட்டென்று நின்றதும், மணியின் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். காதைத் தீட்டிக் கேளுங்கள்: அதுவரை சாதாரண காந்தாரமாக இருந்தது, அந்த ரீங்காரத்துக்குள் அரைப்படி மேலே, அந்தர காந்தாரமாகக் கேட்கும். யாரும் வாசிக்கவில்லை, மணியே பாடுகிறது. கோயிலில் கீபோர்டு வாசிக்கிற எனக்கு இது பெரிய பாடம். சின்ன இடைவெளி கிடைத்தாலும் நாலு சுரத்தைப் போட்டு நிரப்புகிற கூட்டம் நாங்கள்.

இதே தட்டில் ‘ஃப்ராத்ரெஸ்’ என்ற படைப்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. கிடோன் க்ரேமரின் வயலினும் கீத் ஜாரெட்டின் பியானோவும் சேர்ந்தது பிரமாதம்தான். ஆனாலும் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் 12 செல்லோக்கள் வாசித்ததற்குத்தான் என் ஓட்டு.

தலைப்புப் படைப்பான ‘தபுலா ராசா’வின் இரண்டாம் பகுதியில்தான் சிக்கல். ஒலி போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும். மின்விசிறி ஓடினால் பாதி காதில் விழாது, ஓட்டு வீட்டில் மழை பெய்தால் சுத்தமாகப் போச்சு. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘இதில் ஒன்றுமே இல்லையே’ என்று சொல்லாதீர்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் இந்தத் தட்டை வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு முதலில் ஹெட்போன் வாங்குவதே மேல்.